அயனிப் பதிப்பு செய்த மோல்டைத் தேய்க்காதீர்கள்

கண்ணாடி இழை கலந்த நைலானை வார்க்கும் மோல்டில், உருகிய பிளாஸ்டிக் நுழைகிற 'கேட்' பகுதிதான் முதலில் தேயும். அப்படித் தேய்ந்துகொண்டே இருந்த ஓர் இன்சர்ட்டுக்கு (மோல்டில் தனியாகக் கழற்றி மாட்டும் எஃகுத் துண்டு) நைட்ரஜன் அயனிப் பதிப்பு செய்து கொடுத்தோம், அதாவது தேய்மானம் குறைய நைட்ரஜன் அயனிகளை எஃகுக்குள் செலுத்தினோம். சில வாரங்களில் வாடிக்கையாளர் போன் செய்தார்: "பழைய மாதிரியேதான் தேயுது சார்."

நேரில் போய் விசாரித்தேன். மேற்பரப்பில் லேசாகப் பழுப்பு நிறம் தெரிந்ததால், பொருத்துவதற்கு முன் ஃபிட்டர் வைரப் பசை போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த முறையில், வெற்றிடக் கலத்துக்குள் நைட்ரஜன் அயனிகளை 1 லட்சம் வோல்ட் அளவில் முடுக்கி எஃகின் மேல் மோத விடுகிறோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் இறங்கும் அயனிகளின் எண்ணிக்கையை எழுத, 1-க்குப் பின்னால் 17 சுழியம் போட வேண்டும். சில அயனிகள் இரும்போடும் குரோமியத்தோடும் சேர்ந்து நைட்ரைடு என்ற கடினமான சேர்மம் ஆகும். மற்றவை அணுக்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகி, உலோக அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கும். ஆனால் இவ்வளவும் நடப்பது ஏறத்தாழ 0.1 மைக்ரான் ஆழத்துக்குள். தலைமுடியின் தடிமனில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாலிஷ் போட்டால் என்ன மிஞ்சும்?

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். "ராக்வெல்லில் (ஊசியை அழுத்திக் கடினத்தன்மை அளக்கும் சோதனை) வைத்துப் பார்த்தோம், முன்னும் 60, பின்னும் 60" என்பார்கள். அந்த அளவில் ராக்வெல் ஊசி பதிக்கும் பள்ளமே 80 மைக்ரான். நாம் வேலை செய்த படலம் அதற்குத் தெரியவே தெரியாது. தேய்மானச் சோதனையோ நானோ அளவிலான கடினத்தன்மைச் சோதனையோதான் கேட்க வேண்டும்.

இவ்வளவு மெல்லியது எதற்கு என்று தோன்றலாம். எஃகைச் சூடாக்கி வாயுவிலிருந்து நைட்ரஜனை ஏற்றும் வாயு நைட்ரைடிங்குக்குச் சுமார் 500 டிகிரி வெப்பம் வேண்டும். குறைந்த வெப்பத்தில் டெம்பர் செய்த (மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்திய) எஃகு அதில் மென்மையாகிவிடும், அளவும் மாறலாம். அயனிப் பதிப்பை 200 டிகிரிக்குக் கீழேயே முடிக்கலாம். அளவு மாறாது. மேலே ஒட்டிய பூச்சு இல்லை என்பதால் உரிந்து வரவும் வழியில்லை. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் 1970-களிலேயே இதைக் கருவிகளில் சோதித்தார்கள். அப்புறம், தேய்மானத்தை அவ்வளவாகத் தாங்காத டைட்டானியக் கலவையில் செய்த செயற்கை மூட்டுகளுக்கும் இது போனது.

மணலும் கல்லும் உரசுகிற இடத்துக்கு இதைக் கேட்காதீர்கள், காசு வீண். ஆழமான துளையின் உட்சுவருக்கும் வேண்டாம். அயனிக் கற்றை நேர்கோட்டில்தான் போகும். கிரைண்டிங், பாலிஷ் எல்லாம் முடித்துக் கடைசி வேலையாக மட்டும் அனுப்புங்கள். இப்போது நாங்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் ஒரு சிவப்பு அட்டை கட்டுகிறோம்: "துணியால் துடைக்கலாம். பாலிஷ் கூடாது."