இம்பீடன்ஸ்: மின்தடையா, மின்மறுப்பா?

மைக்கை ஆம்ப்ளிஃபயரோடு (ஆம்ப்) சேர்க்கும் ட்ரான்ஸ்பார்மர் பெட்டியை வீட்டிலேயே செய்வது எப்படி என்று தமிழில் விளக்குகிறவர்கள் 'மின்தடைச் சமனாக்கி' என்றொரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 'இம்பீடன்ஸ் மேட்சிங் ட்ரான்ஸ்பார்மர்' என்பதற்கு இதுதான் தமிழ் என்கிறார்கள். இம்பீடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு (ஏசி) ஒரு சுற்றில் எழும் மொத்த முட்டுக்கட்டை. அதில் முன்பாதியும் தவறு, பின்பாதியும் தவறு. கேட்கும்போதெல்லாம் சரி, போகட்டும் என்று விட்டுவிடுவேன். போன வாரம் என் அக்கா மகன் போனில் பேசிய பிறகு அப்படி விட மனம் வரவில்லை.

"மாமா, முதன்மைச் சுருளோட மின்தடை 200 ஓம் இருக்கணும்னு போட்டிருக்கு. மீட்டர் வெச்சா 24தான் காட்டுது. கம்மியா இருக்கேன்னு 180 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சேர்த்துப் பத்தவெச்சுட்டேன். இப்ப இரைச்சலா வருது."

முதன்மைச் சுருள் என்பது ட்ரான்ஸ்பார்மரில் மைக் இணையும் பக்கத்துச் சுருள். 24-ம் 180-ம் சேர்ந்தால் 204. அவன் கூட்டலில் பிழை இல்லை, அவன் படித்த சொல்லில்தான் பிழை. அந்த ட்ரான்ஸ்பார்மரில் ஒரு குறையும் இல்லை. வழியில் தேவையில்லாமல் ஒரு ரெசிஸ்டர் வந்து, தன் வெப்ப இரைச்சலையும் மைக்கின் மெல்லிய குறிகையோடு (சிக்னல்) சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது.

மீட்டர் சுருளுக்குள் நேர்மின்னோட்டத்தைச் (டிசி) செலுத்திப் பார்க்கிறது. செம்புக் கம்பியின் தடை மட்டும்தான் அதற்குத் தெரியும். மைக்கிலிருந்து வருவதோ மாறுமின்னோட்டம். 2 ஹென்றி தூண்டல் (இண்டக்டன்ஸ்) உள்ள ஒரு சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 628 ஓம் காட்டும், 1,000 ஹெர்ட்ஸில் 12,500 ஓமைத் தாண்டிவிடும். கம்பி அதே கம்பிதான், மீட்டரில் அதே 24 ஓம்தான். (மைக் ட்ரான்ஸ்பார்மரை அடிக்கடி மீட்டர் வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த நேர்மின்னோட்டமே சுருளுக்கு நடுவிலுள்ள இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடலாம்.) அப்படியானால் அவன் படித்ததில் போட்டிருக்கும் 200 ஓம் எங்கே இருக்கிறது? சுருளுக்குள் இல்லை. எந்த மைக்கோடு சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய சொல் இம்பீடன்ஸ். வேர் இலத்தீன்: காலைக் கட்டி நடையைத் தடுமாற வைப்பது. 'தளை' நம்மிடமும் இருக்கிறது, 'மின்தளை' என்று சொல்லிப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் யாப்பு படித்தவருக்குத் தளை என்றால் சீரும் சீரும் சேர்கிற கட்டு. அந்தக் குழப்பம் வேண்டாம்.

இப்போது மின்தடைக்கு வருகிறேன். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஓம் விதியில் வரும் ரெசிஸ்டன்ஸ் அதுதான். சிலர் ரெசிஸ்டர் என்ற உறுப்பையும் அப்படியே சொல்கிறார்கள், மின்தடையம் என்ற தனிச்சொல் இருந்தும். செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் கரண்ட் இருக்காது என்று பொருள். மூன்று சுமையோடு நிற்கும் சொல்லின் தலையில் நான்காவதாக இம்பீடன்ஸையும் ஏற்றினால், படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? தனக்கு முன்பே தெரிந்ததைத்தான். அக்கா மகனும் அதைத்தான் செய்தான்.

எதிர்ப்பு, மின்னெதிர்ப்பு என்கிறவர்களும் உண்டு. மின்தடையைவிட மேல்தான், ஆனாலும் எனக்கு நிறைவில்லை. 'எதிர்' என்ற சொல் திசையைக் காட்டுகிறது. சுருளில் எழும் எதிர் மின்னியக்கு விசைக்கு (பேக் இஎம்எஃப்) அது மிகச் சரியாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும்.

நான் பிடிப்பது மின்மறுப்பு. காரணம் இதுதான்: தடை ஆள் பார்க்காது. குறுக்கே ஒரு கட்டையைப் போட்டால் வருகிறவர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். மறுப்பு அப்படியில்லை, வந்து கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்வது. சுருள் உயர்ந்த அதிர்வெண்ணை அதிகமாக மறுக்கும், தாழ்ந்ததை விட்டுவிடும். மின்தேக்கி நேர்மாறு. அதிர்வெண்ணுக்குத் தக்கபடி மாறுகிறது என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து 'சமனாக்கி'. இது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆன்டெனாவில் 50 ஓம் கம்பிக்கு 50 ஓம், 75-க்கு 75 என்று சமமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அலை திரும்பி வரும். நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் 600 ஓம் வழக்கமும் அந்த வகைதான். மைக்கில் நமக்கு வேண்டியது வேறு. 200 ஓம் மைக்கை 200 ஓம் உள்ளீட்டோடு சேர்த்தால் மின்னழுத்தத்தில் சரிபாதி போய்விடும், 6 டெசிபெல் இழப்பு. 2,000 ஓம் உள்ளீடு என்றால் பதினொன்றில் ஒரு பங்குதான் போகும். பத்து மடங்கு வித்தியாசம் வேண்டும் என்று வேண்டுமென்றே வைக்கிற இடத்துக்குப் போய்ச் 'சமன்' என்று பெயர் வைக்கலாமா?

ட்ரான்ஸ்பார்மரின் இரண்டு சுருள்களிலும் உள்ள கம்பிச் சுற்றுகளின் விகிதம் 1:10 என்றால் மறுப்பு விகிதம் அதன் வர்க்கம், 1:100. கிட்டார் ஆம்பின் 10 லட்சம் ஓம் உள்ளீடு, ட்ரான்ஸ்பார்மர் வழியாக மைக்குக்கு 10,000 ஓமாகத் தெரியும். மைக்கின் 200 ஓம், ஆம்புக்கு 20,000 ஓமாகத் தெரியும். மின்னழுத்தம் பத்து மடங்கு ஏறும். எதுவும் எதற்கும் சமமாகவில்லை, ஒன்றுக்கு ஒன்று தோதாகியிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டுக்குச் சாவி பொருந்துகிறது என்கிறோம், சாவியும் பூட்டும் சமம் என்று யாரும் சொல்வதில்லை. 'பொருத்தம்' என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. அதனால் மின்மறுப்புப் பொருத்தம், பெட்டிக்கு மின்மறுப்புப் பொருத்தி. நடுவில் 'ப்' கட்டாயம் வரும்.

கலைச்சொல் ஆக்குகிறவர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை என்பதே என் பெரிய குறை. அகராதியில் ஒரு பக்கம், இன்னொரு அகராதியில் ஒரு பக்கம், இரண்டையும் ஒட்டினால் ஒரு சொல். அடாப்டருக்கும் மாற்றி, கன்வெர்ட்டருக்கும் மாற்றி என்று எழுதி, 'மின்மாற்றி' என்ற அருமையான சொல்லின் கூர்மையையும் மழுக்கிவிட்டார்கள். பட்டறையில் இருப்பவர் 'இம்பீடன்ஸ்' என்றே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. ஒருவரைத் தவறான இடத்தில் ரெசிஸ்டர் வைக்கச் செய்கிற தமிழ்ச்சொல்லைவிட அந்தக் கடன்சொல் எவ்வளவோ மேல்.

அக்கா மகன் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டான், இரைச்சல் குறைந்தது. பெட்டியை மைக் பக்கம் வைக்காமல் ஆம்ப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். பெட்டிக்கு அப்பால் 10 மீட்டர் கம்பி போனால், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி மங்கத் தொடங்கிவிடும். மூடியில் என்ன எழுதுவது என்று கேட்டான். 'மின்மறுப்பு: மைக் பக்கம் 200, ஆம்ப் பக்கம் 20,000. மீட்டரில் இந்த எண் வராது' என்று எழுதச் சொன்னேன்.