குடிக்கிறவர் வரலன்னா வீட்ல இருக்கறவங்களுக்கு ட்ரெய்னிங்: க்ராஃப்ட் எப்படி வேலை செய்யுது?

டீஅடிக்‌ஷன் சென்டருக்கு மொதல்ல போன் பண்றது பெரும்பாலும் குடிக்கிற ஆள் இல்ல, அவரோட மனைவி, இல்லன்னா அம்மா. "வரவே மாட்டேங்கறாரு சார், என்ன பண்றது?" இதுக்கு ரொம்ப காலமா கெடைச்ச பதில் "அவருக்கா தோணணும்மா, தோணும்போது கூட்டிட்டு வாங்க". தோணுற வரைக்கும் அந்தம்மா என்ன பண்ணுவாங்க? அமெரிக்காவுல ராபர்ட் மேயர்ஸ்னு ஒரு உளவியலாளர் இந்த கேள்விக்கே ஒரு சிகிச்சைய உருவாக்கினார், பேரு க்ராஃப்ட் (CRAFT, கம்யூனிட்டி ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் அண்ட் ஃபேமிலி ட்ரெய்னிங்கோட சுருக்கம்). இதுல கவுன்சிலிங்குக்கு வர்றது குடும்பத்து ஆள் மட்டும்தான், குடிக்கிறவர் வீட்லயே இருப்பாரு, ஆனா மாத்த பாக்கறது அவரத்தான்.

அதுக்கு முன்னாடி அங்க ரெண்டு வழி பிரபலம். ஒண்ணு 1951ல ஆரம்பிச்ச அல்-அனான், குடிக்கிறவங்களோட குடும்பத்தாருக்கான குழு, அவர மாத்தறது உன் கையில இல்ல, நீ உன்ன பாத்துக்கோன்னு சொல்லும். இன்னொண்ணு வெர்னான் ஜான்சன்னு ஒரு பாதிரியார் கொண்டு வந்தது, குடும்பம் மொத்தமும் ரகசியமா தயாராகி ஒரு நாள் அவர சுத்தி உக்காந்து நேருக்கு நேர் பேசி, இன்னிக்கே ட்ரீட்மென்ட்டுக்கு கெளம்புன்னு சொல்றது, டிவில எல்லாம் காட்டுவாங்களே அது.

1999ல மில்லர், மேயர்ஸ், டோனிகன் மூணு பேரும் நியூ மெக்சிகோவுல மூணு முறையையும் நேரடியா ஒப்பிட்டு பாத்தாங்க. 130 குடும்பத்தார், எல்லார் வீட்லயும் சிகிச்சைக்கு வரவே மாட்டேன்னு நிக்கிற ஒரு குடிகாரர். அல்-அனான் வழில சிகிச்சைக்கு வந்தவங்க 13 சதவீதம், ஜான்சன் வழில 30, க்ராஃப்ட்ல 64. அதுவும் சராசரியா நாலுலேர்ந்து ஆறு செஷனுக்குள்ள. ஆனா ஒண்ணு சொல்லணும், அல்-அனானோட நோக்கமே அவர சிகிச்சைக்கு கொண்டு வர்றது இல்ல, அதனால 13ஐ வச்சு அத கிண்டல் பண்றது நியாயமில்ல. ஜான்சன் முறையோட சிக்கல் வேற, அந்த மோதல் கூட்டத்த நடத்தவே நெறைய குடும்பங்களுக்கு தைரியம் வரல, கடைசி நேரத்துல வேணாம்னு விட்டுட்டாங்க.

சரி, க்ராஃப்ட் உள்ள என்ன நடக்குது? அடிப்படை ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியலாளரோட கண்டிஷனிங் தியரி, எந்த செயலுக்கு பலன் கெடைக்குதோ அது திரும்ப நடக்கும். ஸ்கின்னரோட மாணவர் நேதன் அஸ்ரின், ஜார்ஜ் ஹண்ட்டோட சேந்து 1973ல ஒரு சின்ன ஆய்வு பண்ணாரு, குடிக்காம இருக்கறப்போ வேலை, குடும்பம், நண்பர்கள்னு வாழ்க்கை இனிக்கிற மாதிரியும் குடிச்சா அதெல்லாம் கை நழுவுற மாதிரியும் ஏற்பாடு பண்ணி பாத்தாங்க, அந்த குரூப் 14 சதவீத நாள்தான் குடிச்சாங்க, வழக்கமான சிகிச்சை எடுத்த குரூப் 79 சதவீத நாள். மேயர்ஸ் அஸ்ரினோட வேலை பாத்தவரு, இதையே குடும்பத்தாரோட கையில குடுக்கலாம்னு கொண்டு போனாரு. யோசிச்சு பாத்தா குடிக்கிறவரோட சாயங்காலத்துல யார் இருக்கா, டாக்டரா? மனைவிதானே.

முதல் வேலை துப்பறியறது மாதிரி. எந்த கிழமை, எத்தன மணிக்கு, யாரோட, குடிக்கறதுக்கு முன்னாடி என்ன மூட், குடிச்சதும் அவருக்கு என்ன கெடைக்குது, எல்லாத்தையும் அந்தம்மா சொல்ல சொல்ல தாள்ல எழுதுவாங்க. உதாரணத்துக்கு, சம்பள நாள் சாயங்காலம், கூட வேலை பாக்கற ரெண்டு பேரு, மேனேஜர் திட்டின எரிச்சல், ரெண்டு பெக்ல அது எறங்கிடுது. இது தெரிஞ்சா அந்த ஆறு மணிக்கு எதிரா எத வைக்கலாம்னு யோசிக்க முடியும்.

அடுத்தது பேச்சு. "தினமும் குடிச்சிட்டு வந்து உயிர வாங்குறீங்க, புள்ளைங்கள பத்தி நெனப்பு இருக்கா?"ன்னு கேட்டா அவரு வெளிய போக ஒரு காரணம் கெடைச்சுது, அவ்ளோதான். அதுக்கு பதிலா, குடிக்காத நேரமா பாத்து, "ஏங்க, வேலைல டென்ஷன்னு எனக்கும் தெரியுது. போன வாரம் நானும் கத்திட்டேன், அது தப்புதான். நேத்து நீங்க குடிக்காம வந்து பாப்பாவ படிக்க வச்சீங்கல்ல, எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. இன்னிக்கும் வந்துட்டா எல்லாரும் சேந்து சாப்பிடலாம், உங்களுக்கு புடிச்சத பண்ணி வைக்கிறேன்." சுருக்கம், பாசிட்டிவ், அவர் பக்கம் புரிஞ்சது, தன் பங்க ஒத்துக்கிட்டது, உதவி பண்றேன்னது, எல்லாம் கணக்கா உள்ள இருக்கு. படிக்க ஈஸி, கோவத்துல இருக்கறப்போ சொல்லி பாருங்க.

குடிச்சிட்டு வந்தா? சண்ட கெடையாது, அந்த சேந்து சாப்பிடறதும் பேச்சும் மட்டும் அன்னிக்கு கெடையாது, அவங்க வேற ரூமுக்கு போயிடுவாங்க. காலைல அவரு எந்திரிக்கலன்னா ஆபீஸுக்கு போன் பண்ணி "காய்ச்சல்"னு இவங்க பொய் சொல்லக்கூடாது, அந்த விளைவு அவருக்கே போகணும். இங்க ரெண்டு எச்சரிக்கை. அடிக்கிற ஆளா இருந்தா இத அப்படியே பண்ணவே கூடாது, அதனாலதான் வன்முறை இருக்கான்னு ஆரம்பத்துலயே கேட்டு பாதுகாப்பு திட்டம் போடறது க்ராஃப்டோட கட்டாய பகுதி. ரெண்டாவது, பல வருஷம் தினமும் குடிச்சவரோட பாட்டில ஒரே நாள்ல புடுங்கி ஒளிச்சு வச்சா வலிப்பு, டெலிரியம் ட்ரெமன்ஸ் (உடம்பு நடுங்கி, புத்தி குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியற நிலை) வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம், நிறுத்தறது டாக்டர் பார்வைல நடக்கணும்.

இத சொல்லிக்குடுக்கற கவுன்சிலர்களுக்கான பயிற்சிதான் எனக்கு இதுலயே ரொம்ப புடிச்ச விஷயம். ரெண்டு மூணு நாள் ஒர்க்ஷாப், அதுல லெக்சர விட ரோல் ப்ளே ஜாஸ்தி, ஒருத்தர் கோவக்கார புருஷனா நடிப்பாரு, இன்னொருத்தர் மனைவியா அந்த வரிகள சொல்லி பழகணும், சொதப்பினா திரும்ப. ஏன்னா கவுன்சிலர்கள் பழக்கமே அட்வைஸ் பண்றது, "அன்பா பேசுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிடறது. க்ராஃப்ட்ல அது செஷனே இல்ல, அந்தம்மா அங்கயே வாய் திறந்து பேசி பழகணும். ஒர்க்ஷாப் முடிஞ்சதும் சர்டிஃபிகேட் கைக்கு வராது, நெஜ செஷன்கள ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும், அத கேட்டு ஒவ்வொரு உத்திக்கும் மார்க் போடுவாங்க.

நம்ம ஊர்ல குடும்பத்த சிகிச்சைக்குள்ள கொண்டு வந்ததுக்கு வேற வரலாறு உண்டு. கணவர குடில இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல சென்னையில தொடங்கின டி.டி. ரங்கநாதன் க்ளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனோட டிடிகே மருத்துவமனைல குடும்பத்தாருக்குன்னே தனி ப்ரோக்ராம் இருக்கு. ஆனா அது ஆள் அட்மிட் ஆனதும் கூட நடக்கறது, க்ராஃப்ட் அதுக்கு முந்தின கட்டத்துக்கு.

அந்த கட்டம் முடியற எடம் அழைப்பு. அவரே வெறுத்துப் போய் "என்னடா வாழ்க்கை இது"ன்னு சொல்ற நேரம் எப்பவாவது வரும், அப்போ "ஒரு தடவ வந்து பாருங்க, புடிக்கலன்னா விட்டுடலாம்"னு சொல்ல அந்தம்மா முன்னாடியே ஒத்திகை பாத்திருப்பாங்க. அந்த மனசு ரெண்டு நாள் தாங்கறதே பெருசு, அதனால சென்டர்ல இடம் முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும், அப்பாயின்ட்மென்ட் மூணு வாரம் கழிச்சுன்னா அவ்ளோ உழைப்பும் வீண். வராம போனவங்க? 1999 ஆய்வுல க்ராஃப்ட் குரூப்லயே மீதி 36 சதவீதம் பேரு வரல. ஆனா மூணு குரூப்லயும் பயிற்சிக்கு வந்த குடும்பத்தாரோட மனநிலையும் வீட்டு உறவும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு தேறியிருந்துச்சு.