பக்கத்துக் கூரையைப் பிரிக்கும் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்குச் செடி காய்க்கும் என்பது வாரத்துக்கு மூன்று நாள் அதைப் பொரியலாகச் சாப்பிடுகிற நம்மில் பலருக்குத் தெரியாது. வெள்ளையாகவோ ஊதாவாகவோ பூத்து, பிறகு பச்சைத் தக்காளி போலக் குலையாய்க் காய் தொங்கும். தக்காளிக்குப் பங்காளிதானே! இந்தக் காய் நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது. ஆனால் புது ரகம் வேண்டுமென்றால் இதற்குள் இருக்கும் பொடி விதைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் நாட்டுக் கிழங்கு ரகங்களில் பல 'குஃப்ரி' என்ற பெயரோடு வருவதற்கும் இதுதான் காரணம். சமவெளியின் குறுகிய குளிர்காலப் பகலில் செடி சரியாகப் பூக்காது. சிம்லாவுக்கு அருகில், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஃப்ரியின் நீண்ட கோடைப் பகலில் நன்றாகப் பூக்கும். ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து ஒட்டு ரகம் உண்டாக்கும் வேலை அங்கே நடக்கிறது.

விவசாயி நடுவது விதையை அல்ல, விதைக்கிழங்கை. கண் உள்ள துண்டை நட்டால் வருவது அதே செடியின் நகல். ருசியும் விளைச்சலும் மாறாது என்பது வசதி; நோய்க்கும் அதே வசதி. 1845-இல் அயர்லாந்தின் ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். அந்தச் செடியைத் தின்னத் தெரிந்த கிருமிக்கு நாடு முழுக்கப் பந்தி போட்டது போல் ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் அதை ஒட்டி வந்த நோய்களிலும் இறந்தார்கள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையினர் கப்பலேறினார்கள்.

அந்தக் கிருமியின் பெயர் பைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். அது உண்டாக்கும் நோயைப் பின்பருவ இலைக்கருகல் என்கிறோம். பூஞ்சை என்று சொல்வது பழக்கம். பரம்பரையைப் பார்த்தால் அது காளானைவிடக் கடலின் பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. குளிரும் ஈரமும் சேர்ந்துவிட்டால் இலையின் அடியில் வெண்மையாய்ப் படர்ந்து, விதை போலக் கிருமியைப் பரப்பும் நுண்ணிய வித்துப்பைகளைக் காற்றில் விடும். குளிர்ந்த நீர்த்துளியில் விழும் ஒவ்வொரு வித்துப்பையும் வெடித்து, நீந்தும் வித்துகள் பலவாகப் பிரியும். பச்சையாக நின்ற வயல் ஓரிரு வாரத்தில் கறுத்து அழுகிவிடும்.

செடிக்கு நம்மைப் போல ரத்தத்தில் ஓடும் காவல் அணுக்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். கிருமி இலைக்குள் குழலை நுழைத்ததும் சில புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். செடியின் தற்காப்பை மயக்குவது அவற்றின் வேலை. எதிர்ப்பு மரபணு உள்ள செடியில் அந்தப் புரதங்களில் ஏதோ ஒன்றை அடையாளம் காணத் தெரிந்த ஒரு காவல் புரதம் இருக்கும். கண்டுகொண்ட மறுகணம் அந்தச் செல் தற்கொலை செய்துகொள்ளும், சுற்றியுள்ள சிலவும் கூடச் சாகும். குடிசைப் பகுதியில் தீப்பிடித்தால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. உயிருள்ள திசு இல்லாமல் வளர முடியாத நிலையில் கிருமி அங்கேயே அடங்கிவிடும். இலையில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

இந்தக் காவல் மரபணுக்கள் மெக்சிகோவின் காட்டுக் கிழங்குகளில் ஏராளம். சொலானம் டெமிஸ்ஸம் என்ற இனத்திலிருந்து மட்டும் 11 மரபணுக்களை இனங்கண்டு, ஆர்1 முதல் ஆர்11 வரை பெயரிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அவற்றை ஒட்டிப் பல ரகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் சில ஆண்டு நின்றது, பிறகு விழுந்தது. அடையாளம் காட்டிக்கொடுக்கும் புரதத்தைக் கிருமி மாற்றிக்கொண்டால் போதும், காவலாளிக்கு ஆள் தெரியாது. 2009-இல் கிருமியின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் மரபுச் செய்தி முழுவதையும், படித்தபோது காரணம் புலப்பட்டது. இத்தகைய மயக்குப் புரதங்களுக்கு அதனிடம் 500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவை இருப்பதோ மரபுத்தொகுதியிலேயே மிக வேகமாக மாறும் பகுதிகளில். ஒரு வேஷம் கலைந்தால் அடுத்த வேஷம் பெட்டியில் தயார்.

அப்படியானால் பல காவலாளிகளை ஒரே செடியில் நிறுத்தலாமே? அங்கேதான் ஒட்டுக்காரர்களின் பொறுமை சோதிக்கப்படுகிறது. சொலானம் பல்போகாஸ்டானம் என்ற மெக்சிகோ இனத்தில் பல வகைக் கிருமிகளுக்கு ஈடுகொடுக்கும் மரபணுக்கள் உண்டு. அதற்கு 24 குரோமோசோம், நம் கிழங்குக்கு 48, நேரடியாகச் சேராது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1970-களில் இடையில் வேறு இரண்டு இனங்களைப் பாலமாக வைத்துச் சேர்த்தார்கள். காட்டு இனம் எதிர்ப்பை மட்டும் தராது. சின்னக் கிழங்கு, கசப்பு, தாமத விளைச்சல் என்று சீர்வரிசை முழுவதும் கூடவே வரும். அதையெல்லாம் கழிக்கத் தலைமுறை தலைமுறையாகத் திரும்ப ஒட்ட வேண்டும். அந்த வழியில் பயோனிகா என்ற ரகம் கடைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கழிப்பதில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லெனாப்பே சாட்சி. காட்டு இனக் கலப்பில் பிறந்து, சிப்ஸுக்கு அருமை என்று 1967-இல் வெளியான ரகம் அது. நச்சுப்பொருள் மிகுந்திருந்ததால் சில ஆண்டுகளிலேயே திரும்பப் பெற்றார்கள்.

2003-இல் பல்போகாஸ்டானத்தின் ஒரு மரபணுவைத் தனியே பிரித்தெடுத்த பிறகு குறுக்குவழி திறந்தது. காட்டுச் செடியிலிருந்து மரபணுவை மட்டும் எடுத்து, விவசாயிக்குப் பழகிய ரகத்திலேயே நேராகச் செருகலாம். உகாண்டாவில் விக்டோரியா என்ற ரகத்தில் இப்படி மூன்று மரபணுக்களை ஒன்றாக ஏற்றியிருக்கிறார்கள். மூன்று காவலாளிகளையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற மூன்று மாற்றங்கள் ஒரே வித்தில் கூடிவர வேண்டும். அது மிக அரிது. மரபணு மாற்றப் பயிர் என்பதால் இதற்குச் சட்டத்தின் தடைகள் தனி.

நீலகிரிக்கு இந்தக் கதை அந்நியமல்ல. மழையும் மூடுபனியும் கருகலுக்கு அழைப்பு வைக்கும் மலை அது. போதாக்குறைக்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவும் 1961 முதல் அங்கே உண்டு. இரண்டையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985-இல் அந்த மலைக்காகவே வெளியானது. ஆனாலும் 1968-இல் வந்த குஃப்ரி ஜோதியை விவசாயிகள் விடவில்லை. ஜோதியின் எதிர்ப்பு எப்போதோ தேய்ந்துவிட்டது. இருந்தும் அந்த வடிவமும் மேல்தோலும்தான் மண்டியில் விலை போகின்றன. எனவே மேகம் இறங்கியதும் மலைச்சரிவில் முதலில் கேட்பது மருந்தடிக்கும் தெளிப்பான்களின் சத்தம்.