விவரச்சீட்டு இருக்கிறது, பெட்டியைக் காணோம்

2000களின் பிற்பகுதியில் ஜாவா என்ற நிரல்மொழியில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஜேடிஏ 1.0.1பி' என்ற நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயர் மறந்திருக்காது. தரவுத்தளத்தோடு பேச உதவும் ஹைபர்நேட் நூலகத்தை வைத்து ஒரு ப்ராஜெக்ட்டைத் தொடங்குவோம். ப்ராஜெக்ட்டைக் கட்டித் தரும் கருவியான மேவன் தேவையான கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வரும். திடீரென்று நின்றுவிடும். இந்த ஜார் கோப்பை (நிரல் அடங்கிய தொகுப்பை) காணவில்லை, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் தளத்துக்குப் போய் நீங்களே எடுத்து வாருங்கள் என்று திரையில் ஒரு செய்தி. எடுத்து வந்ததைப் பதிந்துகொள்ள ஒரு நீண்ட கட்டளையும் கூடவே வரும்.

பொதுக் கிடங்கில் அந்தப் பெயரில் ஓர் இடம் இருந்தது. விவரக் கோப்பும் இருந்தது. ஜார் மட்டும்தான் இல்லை. ஏன் இல்லை, இல்லாததை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தேடிப் போனால் இந்தக் கிடங்கு எப்படி இயங்குகிறது என்பதே புரிந்துவிடும்.

'மேவன் சென்ட்ரல்' என்பது ஜாவா உலகத்தின் பொதுக் கிடங்கு. அங்கே உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பகுதி கொண்ட முகவரி உண்டு: வெளியிட்ட குழு, பொருளின் பெயர், பதிப்பு எண். குழுவின் பெயரில் உள்ள புள்ளிகளைக் கோப்புறைகளாக மாற்றி, பொருளின் பெயரையும் பதிப்பையும் பின்னால் சேர்த்தால் கோப்பு இருக்கும் இடம் வந்துவிடும். தேடுபொறி எதுவும் வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிரல் அடங்கிய ஜார் இருக்கும், பக்கத்தில் பிஓஎம் என்ற விவரக் கோப்பு இருக்கும். இந்தப் பொருளுக்கு வேறு என்னென்ன பொருள்கள் வேண்டும் என்று சொல்வது அந்த விவரக் கோப்புதான். சாம்பார் வைக்கப் பொடி வேண்டும், பொடி அரைக்க மல்லியும் மிளகாயும் வேண்டும் என்பதுபோல ஒன்றின் பட்டியல் இன்னொன்றின் பட்டியலுக்குக் கூட்டிப் போகும். 2005இல் வந்த மேவன் 2 இந்தச் சங்கிலியைக் கடைசி வரை தானே பின்தொடர்ந்தது. அதனால்தான் நாம் கேட்டிராத ஜேடிஏ நம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

சரி, ஜார் ஏன் இல்லை? யாரும் மறந்துபோய் விடவில்லை. சன் நிறுவனத்தின் உரிமம் அனுமதிக்கவில்லை. அவர்கள் தளத்தில் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு நீங்கள் இறக்கிக்கொள்ள முடிந்தது. இன்னொருவர் தன் கிடங்கில் வைத்து ஊருக்கு வழங்கக் கூடாது என்றிருந்தது. விவரச்சீட்டை வைக்கத் தடையில்லை என்பதால் சீட்டு மட்டும் வந்து உட்கார்ந்தது.

இதில் அதிகம் அடிபட்டது, நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் லாக்4ஜே நூலகம். 2007இல் வந்த அதன் 1.2.15 பதிப்பின் விவரக் கோப்பில் சன் நிறுவனத்தின் ஜேஎம்எஸ் (செய்தி அனுப்ப), ஜேஎம்எக்ஸ் (நிரலைக் கண்காணிக்க) நூலகங்கள் கட்டாயத் தேவைகளாக எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலோர் அவற்றைத் தொடவே மாட்டார்கள். ஆனாலும் மேவன் போய்த் தேடும், கிடைக்காது, வேலை நின்றுவிடும். ஒவ்வொருவரும் தத்தம் ப்ராஜெக்ட்டில் 'இவை வேண்டாம்' என்று விலக்கி எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுமை 2010இல் வந்த 1.2.16 பதிப்பில்தான் தீர்ந்தது.

அந்தச் சில வரிகளை 1.2.15இலேயே திருத்தியிருக்கலாமே என்று தோன்றும். கூடாது. வெளியிட்ட பதிப்பை மாற்றவோ அழிக்கவோ முடியாது என்பது மேவன் சென்ட்ரலின் அடிப்படை விதி. பத்திரப் பதிவுபோலத்தான் இதுவும். பதிந்த பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்தால் அதை யாரும் சுரண்டி எழுதுவதில்லை, பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைப் புதிதாகப் பதிகிறோம். இந்தக் கண்டிப்பு எவ்வளவு அவசியம் என்று 2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் உலகம் தெரிந்துகொண்டது. ஜாவாஸ்கிரிப்டின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் அப்போது வெளியிட்டவரே தன் பொருளை எடுத்துவிடலாம். 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த பேபெல் போன்ற கருவிகள் நிற்க, உலகெங்கும் ப்ராஜெக்ட்டுகளைக் கட்டும் வேலை நின்றுபோனது. என்பிஎம் அதை மறுபடி வைத்தது, அப்புறம் விதியையும் இறுக்கியது.

அப்படியானால் காணாமல் போன ஜாரை எப்படி நிரப்புவது? திறந்த மூல நிரல்களை வெளியிடும் அப்பாச்சி அமைப்பின் ஜெரோனிமோ குழு செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஜேடிஏ பெரும்பாலும் இடைமுகங்களால் ஆனது: இன்ன பெயரில் இன்ன செயல்கள் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்தான், உள்ளே வேலை செய்யும் நிரல் அநேகமாக இல்லை. ஒப்பந்தத்தின் வாசகம் எல்லோருக்கும் கிடைத்தது. அவர்கள் அந்த இடைமுகங்களைத் தாங்களே எழுதி, அப்பாச்சி உரிமத்தில், தங்கள் குழுவின் பெயரிலேயே வெளியிட்டார்கள். இடைமுகங்களின் பெயர் அப்படியே இருந்ததால் ஜாவாவுக்கு வேறுபாடு தெரியவில்லை. சன் நிறுவனத்தின் முகவரியில் அவர்கள் கைவைக்கவும் இல்லை.

அந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. இன்று சென்ட்ரலில் ஒரு குழுப் பெயரைக் கேட்டால், அதற்கு அடிப்படையான இணையப் பெயர் உங்களுடையது என்று காட்ட வேண்டும். சென்ட்ரல் தரும் ஒரு குறியீட்டை உங்கள் டிஎன்எஸ் (இணையப் பெயர்களின் பதிவேடு) பதிவில் சேர்த்துக் காட்டுவது ஒரு வழி. ஜாருடன் மூல நிரலும் பயன்பாட்டு விளக்கமும் தனித்தனி ஜார்களாக வேண்டும். விவரக் கோப்பில் உரிமம், எழுதியவர், மூல நிரல் இருக்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எஸ்எச்ஏ-1 என்ற கணக்கு எத்தனை பெரிய கோப்பையும் 40 எழுத்துகளாகச் சுருக்கிவிடும், கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 40 எழுத்துகள் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வழியில் கோப்பு சிதைந்ததா என்று இது காட்டும், அனுப்பியவர் யார் என்று காட்டாது. அதற்காகத்தான் ஜிபிஜி என்ற கருவியால் இடும் மின் கையொப்பம். வெளியிடுபவர் தன் ரகசியச் சாவியால் ஒப்பமிடுவார், அவருடைய பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். ஒன்று குறைந்தாலும் கிடங்கு வாங்கிக்கொள்ளாது.

ஆரக்கிள் தரவுத்தளத்தோடு ஜாவா நிரலை இணைக்கும் ஜேடிபிசி இயக்கியும் இப்படித்தான் பல ஆண்டுகள் சென்ட்ரலுக்கு வெளியே இருந்தது. கையால் இறக்கி நம் கணினியில் பதிந்தால் அது நம் கணினியில் மட்டும் ஓடும், பக்கத்து மேசையில் ஓடாது. வேறு வழியில்லாமல் பல குழுக்கள் அந்த ஜாரை ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தன. 2019 செப்டம்பரில் ஆரக்கிளே அதைச் சென்ட்ரலில் வெளியிட்டது. அதன்பின் முகவரியின் மூன்று பகுதிகளையும் எழுதினால் போதும் என்றாயிற்று. அந்தக் கோப்புறையை அழித்துவிட முடிந்தது.