மருந்துச் சோதனையில் சேரும் புற்றுநோயாளி: கையெழுத்துக்கு முன் நகலைக் கேளுங்கள்

சென்ற ஆண்டு ஓர் அம்மாள் கணவரின் பைலோடு என்னிடம் வந்தார். நுரையீரல் புற்றுநோய்க்கான புது மருந்துச் சோதனையில் சேர்ந்த ஏழாவது வாரம் அவர் இறந்துவிட்டார். பைலில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துக்கடை ரசீது எல்லாம் தேதி வாரியாக இருந்தன. ஒப்புதல் படிவத்தின் நகல் மட்டும் இல்லை. "கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களே எடுத்து வைத்துவிட்டார்கள்" என்றார்.

இந்தியாவில் இதற்கான சட்டம், 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். அதன்படி படிவத்தின் நகலை நோயாளியிடமோ உடன் வந்தவரிடமோ கொடுத்தே ஆகவேண்டும். சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரென்றால், சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதையும் உடனிருந்து கேட்க வேண்டும். அவசரத்துக்கு அழைத்துவரப்பட்ட வார்டு ஊழியர் அந்தச் சாட்சி ஆகமாட்டார்.

சேருவதற்கு முன்பே ஒரு பொறி உண்டு. கடைசிக் கீமோவுக்குப் பிறகு இத்தனை வாரம் இடைவெளி வேண்டும் என்று பல சோதனைகள் நிபந்தனை வைக்கும். அதை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைச் சிலர் நிறுத்திவிடுவார்கள். பிறகு ரத்த அணுக்களின் எண்ணிக்கை போதவில்லை என்று தகுதித் தேர்விலேயே திருப்பி அனுப்புவார்கள். போன வாரங்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசாமல் எதையும் நிறுத்தாதீர்கள். "எல்லாம் இலவசம்" என்ற வாய்மொழியையும் நம்பாதீர்கள். எந்த ஸ்கேன், எந்த மருந்து யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையான அலைக்கழிப்பு பாதிப்புக்குப் பிறகுதான் தொடங்கும். "நோய் முற்றிவிட்டது, மருந்துக்குச் சம்பந்தமில்லை" என்பது எல்லோரிடமும் தயாராக இருக்கும் பதில். அதைத் தீர்மானிப்பது கவுன்டரில் இருப்பவரின் வேலை அல்ல. கடும் பாதிப்போ மரணமோ நேர்ந்தால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து அதிகாரிக்கும், மருந்து நிறுவனத்துக்கும், சோதனைக்கு ஒப்புதல் தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வு மருத்துவர் தேவை என்று கருதும் காலம் வரை, அல்லது சோதனையால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை சிகிச்சை இலவசம். மருந்து பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைக்காது. சோதனைத் திட்டத்தில் சொல்லியிருந்தும், கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைக் கொடுக்காமல் விட்டிருந்தால் கிடைக்கும்.

மரண இழப்பீட்டுக் கணக்கில் புற்றுநோயாளிக்கு ஒரு தனிச் சிக்கல். அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதைக் கொண்டும், சேரும்போது நோய் இருந்த நிலையைக் கொண்டும் கூட்டிக் குறைப்பார்கள். 65 வயதுக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று எழுதியிருந்தால் 4 லட்சம். ஆறு முதல் 24 மாதம் வரை என்றால் 8 லட்சம். நடுத்தர ஆபத்து என்றால் 16 லட்சம். அதே மனிதர்தான், மருத்துவர் எழுதிய ஒரு வரிதான் வேறு. ஆகவே சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்புக்கும் நகல் வாங்கி வையுங்கள். இழப்பீட்டு உத்தரவு வந்த 30 நாளில் நிறுவனம் பணம் கட்ட வேண்டும்.

இடையில் விலக விரும்பினால் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

புகார் எழுத யாருடைய முகவரியும் தெரியவில்லையா? சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம், நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். நெறிமுறைக் குழுவுக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் போனால் "நாளை வாருங்கள்" என்பார்கள்; தபாலுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அந்த அம்மாளுக்கு மூன்று மாதம் கழித்து நகல் வந்தது. மரணம் நேர்ந்தால் இழப்பீடு பெற வேண்டிய நாமினியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.