கிளட்ச் வழுக்கினால் மின்சாரம்: ஓவன் மேக்னடிக் கார்

1915இல் நியூயார்க்கில் அறிமுகமான ஓவன் மேக்னடிக் காரில் எஞ்சினையும் பின்சக்கரங்களையும் சேர்க்கும் இரும்பு இணைப்பு எதுவும் கிடையாது. நடுவே இருப்பது காற்று இடைவெளிதான்.

ஜஸ்டஸ் என்ட்ஸ் கண்டுபிடித்த ஏற்பாடு இது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்காந்தச் சட்டம் சுழலும். அதற்குள்ளே, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் முனையில், செப்புக் கம்பி சுற்றிய ஆர்மெச்சர். காந்தம் சுற்றும்போது ஆர்மெச்சரையும் கூடவே இழுக்கும். ஆனால் அது சற்றுப் பின்தங்கியே வரும். அந்த வேக வித்தியாசத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. சாதாரண கிளட்ச் வழுக்கினால் அந்தச் சக்தி சூடாகி வீணாகும். இங்கே அது கம்பி வழியாக, அதே ஷாஃப்ட்டில் பின்னால் உள்ள இரண்டாவது மோட்டாருக்குப் போய்ச் சேரும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1600 சுற்று, ஷாஃப்ட் 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சக்தி காந்த இழுப்பாலேயே நேராகப் போகிறது. மீதிப் பாதி மின்சாரமாகிறது. இழப்பே இல்லாவிட்டால் ஷாஃப்ட்டில் முறுக்குவிசை இரண்டு மடங்கு. மின்பாதையில் கால்வாசி இழப்பு என்றாலும் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் போகும். கியர் செய்கிற வேலையை, பல் கடிக்கும் சத்தம் இல்லாமல் செய்துவிடுகிறது.

ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் சக்கரத்தருகே ஒரு சின்ன நெம்புகோல் போதும். மின்சுற்று திறந்திருந்தால் இழுப்பு இல்லை. எஞ்சின் ஓடும், கார் நிற்கும். உச்ச வேகத்தில், மின்சாரம் பிறக்கும் முன் இயந்திரமான ஜெனரேட்டரின் இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்து ஷார்ட் செய்துவிடுவார்கள். அப்போது லேசான வழுக்கலே மிஞ்சும். எஞ்சினைக் கிளப்பவும் இதே இயந்திரம்தான், பேட்டரியின் துணையோடு.

தொல்லை ஏற்றத்தில் தெரியும். கார் மெதுவாக ஊரும்போது வழுக்கல் அதிகம், மின்சாரமும் அதிகம், கம்பிச்சுற்று சூடேறும். சுழலும் சுற்றைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்கள் தேயும், அந்தத் தூள் காப்புப் பூச்சில் படிந்தால் மின்கசிவு. இரண்டு மின் இயந்திரங்களின் செம்பும் இரும்பும் எடையையும் விலையையும் ஏற்றின. பாடகர் என்ரிகோ கரூசோ போன்ற வசதிக்காரர்கள் வாங்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆலை கிளீவ்லாந்துக்கு மாறியது, பிறகு பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரிக்கு. 1922 வாக்கில் கதை முடிந்தது. எஞ்சிய சில கார்களில் 1916இல் செய்த ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஜே லெனோவின் சேகரிப்பில் இன்னும் ஓடுகிறது. இன்றைய ஹைப்ரிட் காரான டொயோட்டா பிரியஸும் எஞ்சின் சக்தியை நேர்வழி, மின்வழி என்று பிரித்துத்தான் அனுப்புகிறது; அங்கே பிரிப்பது காந்தம் அல்ல, நடுப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றிவரும் கோள் கியர்.