கத்தரிக்கோலைக் கொடுங்கள், பொத்தான் பேட்டரியை எடுத்து வையுங்கள்

பண்டிகை நெருங்கும் வாரங்களில், இருமல் மருந்தைக் கையில் வாங்கிய பிறகும் சில அம்மாக்கள் எழுந்திருக்க மாட்டார்கள். "டாக்டர், தோரணம் வெட்டணும்னு அடம்பிடிக்கிறா. கத்தரிக்கோல் கொடுக்கலாமா?" கொடுக்கலாம். மூன்று வயது ஆகிவிட்டால், முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அது போதும். பினாங்கில் நான் பார்த்த கத்தரிக்கோல் காயங்களில் பெரும்பாலானவை ஒரு பிளாஸ்டரோடு முடிந்தவை. நேர்கோட்டில் காகிதம் வெட்டப் பழகிய விரல்களுக்கு முதலாம் ஆண்டில் பென்சில் பிடிப்பதும் சுலபமாக வரும்.

கைவேலை மேசையில் எனக்குப் பயம் தருபவை வேறு. அவற்றைப் பார்த்து எந்த அம்மாவும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை.

முதலாவது பேட்டரி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பலர் இப்போது அகல் விளக்குக்குப் பதிலாக, பேட்டரியில் எரியும் குட்டி மெழுகுவர்த்திகளை வாங்கி வாசலில் வரிசையாக வைக்கிறார்கள். திரைச்சீலை, காகிதத் தோரணம், ஓடித் திரியும் பிள்ளை மூன்றும் ஒரே ஹாலில் இருக்கும்போது நெருப்பு வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்த விளக்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மலிவானவை பலவற்றில் திருகாணி இருக்காது. நகத்தால் தள்ளினாலே மூடி கழன்றுவிடும். உள்ளே நம் இருபது சென் காசு அளவில் பளபளவென்று ஒரு வட்டம் இருக்கும், அதுதான் பொத்தான் பேட்டரி. அதில் சிஆர் 2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கண்ணாடிப் பாட்டிலுக்குள் தொங்கவிடும் தக்கை விளக்குச் சரங்களில் இதைவிடச் சின்னதாக மூன்று பேட்டரிகள் இருக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் இதே கதைதான்.

குழந்தை அதை விழுங்கினால், 20 மில்லிமீட்டர் வட்டம் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஈரமான சதை இரு பக்கமும் தொட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில் காரம் உண்டாகும். கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்க ஊற்றுவோமே, அந்த மாதிரிக் காரம். இரண்டு மணி நேரத்துக்குள் சதை ஆழமாக வெந்துபோகலாம். பேட்டரி கசிய வேண்டியதில்லை, உடைய வேண்டியதும் இல்லை. விளக்கு எரியவில்லை என்று கழற்றி மேசையில் போட்ட பழைய பேட்டரியிலும் இதற்குத் தேவையான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எச்சில் வடிந்துகொண்டே இருந்தது, ஊட்டிய கஞ்சியைத் துப்பினான், காய்ச்சல் இல்லை. "தொண்டைப்புண்ணுங்க டாக்டர், அக்காக்காரிக்குப் போன வாரம் இருந்துச்சு" என்றார். வாயைத் திறந்து பார்த்தேன், புண் எதுவும் இல்லை. காலையில் என்ன விளையாடினான் என்று கேட்டேன். தைப்பூசத்துக்காக அக்கா அட்டைப் பெட்டியில் செய்த ரதத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டானாம். ரதத்தில் விளக்கு இருந்ததா? இருந்தது. அதோடு கேள்வியை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்தபோது மார்பின் நடுவே ஒரு வட்டம், அதன் விளிம்பில் இரண்டு கோடு. காசாக இருந்தால் ஒரு கோடுதான் தெரியும். பையன் தப்பித்தான். ஆனால் வெந்த இடம் ஆறும்போது குழாய் சுருங்கிவிடுமோ என்று நெடுநாள் கண்காணிக்க வேண்டியிருந்தது.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் போவதுதான் இதில் பெரிய சிக்கல். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் எல்லாமே சளி பிடித்த பிள்ளையிடமும் இருப்பவை. வீட்டில் ஒரு விளக்கின் மூடி திறந்து கிடந்து, பேட்டரி கணக்கில் குறைந்தால், விழுங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறும் தண்ணீரும் வேண்டாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, எச்சிலை விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. தேன் காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்கு ஓடாதீர்கள், நேராக வண்டியை எடுங்கள். என் கிளினிக் மாதிரி இடத்துக்கும் வரவேண்டாம், எங்களிடம் அதை எடுக்கும் கருவி இல்லை. அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூக்கில் திணித்துக்கொண்டாலும் அவசரம் அதேதான், மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகிவிடும். நச்சு விஷயங்களுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் நம்மூர் மிண்டெனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கிறது. எண் 1-800-88-8099. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

கதவில் ஒட்டுவதைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது: காந்தப் பொம்மை செய்பவர்கள் குண்டுமணி அளவு வலுவான காந்தத்தை வாங்காதீர்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். ரப்பர் மாதிரி வளையும் காந்தத் தகடு போதும்.

அடுத்தது பசை. குளூ கன் என்னும் சூட்டுப் பசைக் கருவி இப்போது எல்லாக் கைவேலை வீடியோவிலும் வருகிறது. அதன் முனை 120 டிகிரியிலிருந்து 190 டிகிரி வரை சூடேறும். கொதிநீரே 100 டிகிரிதான், அதுவும் வழிந்தோடிவிடும். இந்தப் பசையோ தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். இறுகிய பசையைப் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வரும். பற்பசை, கிச்சாப் என்னும் சோயா சாஸ் எதையும் தடவ வேண்டாம். கிச்சாப் பூசி வந்தால் முதலில் அதைக் கழுவவே நேரம் போகிறது, அடியில் தோல் என்ன நிறம் என்றும் தெரிவதில்லை. சூப்பர் குளூவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் அது தானாகவே சூடேறித் தோலைச் சுடும். ஆகவே கொட்டியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண்ணிமை ஒட்டினால் இழுக்காமல் எங்களிடம் கூட்டிவாருங்கள்.

காகித வேலைக்கு மைதாப் பசையே போதும் என்பது என் கட்சி. ஒரு கோப்பை மாவுக்கு நாலு கோப்பை தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், பட்டம் ஒட்டச் சோற்றுப் பருக்கைக்கு மேல் எதுவும் தேடியதில்லை என்பார்கள்.

மணி, ஜிகினா, உருளும் பொம்மைக் கண் இவையெல்லாம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கை தூங்கும் நேரத்துக்கு. டாய்லட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்த வயதின் தொண்டையை அடைக்கலாம். பச்சைப்பயறு ஒட்டிப் படம் செய்யும் வேலையைப் பாலர் பள்ளிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகின்றன. நல்ல வேலைதான், ஆனால் பயறு மூக்குக்கும் காதுக்கும் போகும். காதுக்குள் போனால் தண்ணீர் விட்டுக் கழுவ முயலாதீர்கள், பயறு ஊதிப்போய் அப்புறம் எடுப்பதே கஷ்டமாகிவிடும். பூச்சாடியில் போடும் ஜெல்லி உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். வயிற்றுக்குள் பல மடங்கு ஊதிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

பாட்டில் அலங்காரத்துக்கு வருவோம். பழைய பாட்டிலுக்கு வர்ணம் பூசி, தண்ணீர் ஊற்றி, மணி பிளாண்ட் வைப்பது அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுத்து குறுகி, பிரஷ் நுழையாத பாட்டிலில் காகிதப் பூ வையுங்கள். கொசுப்புழுவோடு பிடிபட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி அபராதம் வரும், பிள்ளை செய்த கைவேலை என்று சொன்னால் விடமாட்டார்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? அரிசிக் கோலம் செய்யுங்கள். பேரங்காடியில் போடுவதுபோல் பெரிதாக வேண்டாம், ஒரு தட்டுக்குள் அடங்கினால் போதும். ஒரு கோப்பை நொய் அரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், சில சொட்டு உணவு வர்ணம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிள்ளையைக் குலுக்கச் சொல்லுங்கள். செய்தித்தாளில் பரப்பிக் காயவிட்டால் வேலை முடிந்தது. இரவில் மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள், இல்லையென்றால் கரப்பான் வரும்.

தென்னை ஓலை கிடைத்தால் விடாதீர்கள். ஈர்க்கைப் பெரியவர்கள் கிழித்து எடுத்துவிட்டு ஓலையை மட்டும் கொடுங்கள், ஈர்க்கு கண்ணில் குத்தும். காற்றாடி, கிளி, பாம்பு எல்லாம் பாட்டிகளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாக்சிக்கை, அதாவது மலாய் அம்மாவைக் கேட்டால், அரிசி போட்டு வேகவைக்கும் கெத்துப்பாட் ஓலைக்கூடு பின்னவும் சொல்லித்தருவார்.

சீனப் புத்தாண்டில் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ், நோன்புப் பெருநாளின் பச்சை உறை, நம் தீபாவளி உறை என்று வருடம் முழுக்கக் கனமான காகிதம் வீடு தேடி வருகிறது. கீறி, சுருட்டி, மைதாப் பசையால் ஒட்டினால் விளக்குக் கூண்டு. ஸ்டேப்ளர் வேண்டாம், ஊசி கழன்று தரையில் விழும். உள்ளே விளக்கு வைக்க ஆசையிருந்தால், மூடி திருகாணியால் முடுக்கிய, விரல் அளவு பேட்டரி போடும் விளக்கை வாங்குங்கள், விலை சில வெள்ளி கூடும். தொங்கவிடும் கயிறு குட்டையாக இருக்கட்டும், தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் மேலே மாட்ட வேண்டாம்.